அம்மாவோட முகத்துப் புள்ளிக்கு கிரையோ பண்ணலாமான்னு கேட்டதுக்கு

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கு 58 வயசு, ரெண்டு கன்னத்துலயும் பழுப்பா திட்டுத் திட்டா இருக்கு, புறங்கையில காப்பித்தூள் சிந்தின மாதிரி புள்ளி, கெண்டைக்கால்ல அரிசி அளவுக்கு வெள்ளைப் புள்ளி வேற. பக்கத்துல புதுசா திறந்த ஸ்கின் கிளினிக்ல 'கிரையோ', அதாவது குளிரை வச்சுப் பண்ற வைத்தியம், பண்ணினா எல்லாம் போயி முகம் ஒரே நிறமாயிடும், 6 சிட்டிங், 24 ஆயிரம்னு சொல்லியிருக்காங்க, அடுத்த மாசம் உங்க தம்பி கல்யாணம், அதுக்குள்ள முடிச்சிடலாமா, பின்விளைவு ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கீங்க. வெளிய பாத்தா கிரையோ நல்லதா கெட்டதான்னு கேட்ட மாதிரி இருக்கு. ஆனா நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஒண்ணு. குளிரை வச்சு நிறத்தை மட்டும் எடுக்க முடியுமா, அதுவும் நம்மள மாதிரி மாநிறத் தோல்ல, எடுத்தா வேணுங்கற அளவோட நிக்குமா? அதுக்குத்தான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் தோல் டாக்டர். 26 வருஷ பிராக்டிஸ்ல பாதி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓபில போச்சு, மீதி ஒரு சின்ன ஊர்ல சொந்த கிளினிக். கிரையோ நானும் பண்றேன், வாரத்துக்கு நாலஞ்சு பேருக்காவது பண்ணுவேன், அதனால இது அந்த சிகிச்சைக்கு எதிரான ஆளு எழுதறதில்ல. ஆனா ஒண்ணு, நீங்க போட்டிருக்கற போட்டோவை வச்சு இது இன்ன புள்ளின்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. டியூப்லைட்டுக்குக் கீழ ஃபோன்ல எடுத்த படத்துல பழுப்பு எது, சாம்பல் எது, மேடு எது, தட்டை எதுன்னே பிரிக்க முடியாது, இந்த விஷயத்துல அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

முதல்ல 'கிரையோ'ங்கற பேரு. இப்ப அஞ்சாறு வேற வேற சமாச்சாரத்துக்கு இந்த ஒரே பேரை வச்சு விக்கறாங்க. லிக்விட் நைட்ரஜனை நேரா புள்ளி மேல அடிச்சு அந்த எடத்தை உறைய வைக்கறது ஒண்ணு, அதுதான் நாங்க மருவுக்குப் பண்றது. பேனா மாதிரி ஒரு கருவியில நைட்ரஸ் ஆக்சைடு வச்சு பண்றது இன்னொண்ணு. நைட்ரஜன் ஆவியை முகத்துக்கு நேரா புகை மாதிரி விட்டு 'கிரையோ ஃபேஷியல்'னு சொல்றது மூணாவது, இதுல எதுவும் உறையறது இல்ல, தோலு சில்லுனு ஆகும் அவ்ளோதான். அப்புறம் குளிர்ந்த தகடு வச்ச மெஷின். இது போக லேசர் அடிக்கும்போது மேல்தோல் வெந்துடாம இருக்க குளிர்ந்த வாயுவை ஊதறதையும் சில எடத்துல 'கூல் ட்ரீட்மெண்ட்'னு சொல்லிடறாங்க, அங்க வேலை செய்யறது லேசரு, குளிரு வெறும் காவல்காரன். உங்க அம்மாவுக்கு இதுல எதைச் சொன்னாங்கன்னு உங்க கேள்வியில இல்ல, அவங்ககிட்ட கேட்டீங்களான்னும் தெரியல. 24 ஆயிரம் கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி அது. என்ன கேஸ், எத்தனை டிகிரி, தோலு உறையுமா உறையாதா? இதுக்கு நேரா பதில் வரலைன்னா எழுந்து வந்துடுங்க.

இப்ப குளிர் எப்படி நிறத்தைத் தொடுதுன்னு பாப்போம், இது தெரிஞ்சா மீதியெல்லாம் உங்களுக்கே புரியும். நம்ம மேல்தோலோட அடிவரிசையில மெலனோசைட்னு நிறம் தயாரிக்கற செல்லு உக்காந்திருக்கு. தோல்ல இருக்கற செல்லுங்கள்லயே குளிருக்கு ரொம்ப பயந்தாங்கொள்ளி இதுதான். சுமாரா மைனஸ் 4ல இருந்து மைனஸ் 7 டிகிரிக்குள்ளயே செத்துடும். அதைச் சுத்தி இருக்கற சாதாரண மேல்தோல் செல்லு சாகறதுக்கு மைனஸ் 20, 30 வேணும், அடித்தோல்ல நார் தயாரிக்கற செல்லு அதைவிடக் கெட்டி, புற்றுநோய் செல்லைக் கொல்லணும்னா மைனஸ் 50 வரைக்கும் எறக்கணும்னு கணக்கு. அப்ப இடையில ஒரு சந்து இருக்கில்லையா, தோலுக்குப் புண்ணு ஆகாம, தழும்பு விழாம, நிறச்செல்லு மட்டும் அடிபடற மாதிரி ஒரு குளிரு. அந்தச் சந்தை நம்பித்தான் இந்த மொத்த வியாபாரமும் நடக்குது. விஞ்ஞானம்னு பாத்தா அது சரியாத்தான் இருக்கு.

இதுக்கு நான் பாத்ததுலயே நல்ல உதாரணம் மாடு. மாட்டுக்கு அடையாளம் வைக்க இரும்பைக் காய்ச்சி சூடு போடுவாங்கல்ல, 1966 வாக்குல அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில கீத் ஃபேரல்னு ஒரு கால்நடை டாக்டர் அதுக்குப் பதிலா இரும்பை லிக்விட் நைட்ரஜன்ல இல்லன்னா டிரை ஐஸ்ல முக்கி வைக்கற முறையைக் கொண்டு வந்தாரு. சூடு போடறதுக்குப் பதிலா குளிர் போடறது. தோலு வேகாது, ஆனா அந்த எடத்துல நிறச்செல்லு செத்துடறதால அப்புறம் முளைக்கற முடி வெள்ளையா முளைக்கும், கருப்பு மாட்டுல வெள்ளை எழுத்து பளிச்சுன்னு தெரியும், அந்த மாட்டோட ஆயுசுக்கும் போகாது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா மாடு எவ்ளோ கருப்போ அவ்ளோ நல்லா தெரியும். வெள்ளை மாட்டுக்கு இந்த முறை அப்படியே ஒத்து வராது, முடியே முளைக்காத அளவுக்கு இன்னும் அதிக நேரம் அழுத்திப் பிடிக்கணும். இதைப் படிச்ச அன்னைக்குத்தான் நம்ம ஊர் தோல்ல கிரையோ பண்றப்ப நான் எதுக்குப் பயப்படறேன்னு எனக்கே தெளிவாச்சு. வெள்ளைக்காரங்க தோல்ல பழுப்புப் புள்ளியை உறைய வச்சா அந்த எடம் சுத்தி இருக்கற வெளுத்த தோலோட சேந்துடும். நம்ம தோல்ல அதே குளிரு பழுப்புப் புள்ளி இருந்த எடத்துல வெள்ளைப் புள்ளியை வச்சிட்டுப் போகும். நம்ம ஊர்ல முகத்துல வெள்ளையா ஒரு புள்ளி இருந்தா பாக்கறவங்க என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். பழுப்புப் புள்ளியோட யாரும் கல்யாண வீட்டுக்குப் போகாம இருந்ததில்ல, வெள்ளைப் புள்ளிக்காக வீட்டை விட்டே வெளிய வராதவங்களை நான் பாத்திருக்கேன்.

வைத்தியத்துல குளிரை உபயோகிக்கறது ஒண்ணும் புதுசில்ல. 1899லயே நியூயார்க்ல திரவக் காற்றை வச்சு தோல் நோய்க்கு வைத்தியம் பாத்திருக்காங்க. 1907ல சிகாகோல பியூஸின்னு ஒரு டாக்டர் டிரை ஐஸை, அதாவது மைனஸ் 78 டிகிரியில இருக்கற கார்பன் டையாக்சைடு கட்டியை, ஒரு சின்னப் பொண்ணு முகத்துல இருந்த பெரிய கருப்பு முடி மச்சத்துக்கு வச்சாரு. நிறத்துக்குக் குளிர்ங்கற யோசனைக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாச்சுன்னு சொல்லத்தான் இதைச் சொல்றேன். லிக்விட் நைட்ரஜனைப் பஞ்சுல தொட்டு வைக்கற முறை 1950ல வந்தது, ஸ்ப்ரே 60கள்ல.

எங்க கிளினிக்ல எப்படிப் பண்ணுவோம்னு சொல்றேன், அம்மாகிட்ட யாராவது பண்ணினா ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். லிக்விட் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிக்கு வச்சிருக்கற அலுமினிய கேன் பாத்திருப்பீங்க, அதே மாதிரி கேன்தான், வாராவாரம் நிரப்பிட்டு வரணும், வைக்க வைக்க ஆவியாப் போயிடும். அதுல இருந்து பிளாஸ்க் மாதிரி ஒரு ஸ்ப்ரே கன்ல ஊத்தி, ஊசிமுனை அளவு ஓட்டை வழியா அடிப்போம். முகத்துல தட்டையான புள்ளின்னா நான் கன்னே எடுக்க மாட்டேன், காது குடையற பஞ்சுக் குச்சியை இன்னும் சன்னமா திரிச்சு, சில்வர் டம்ளர்ல இருக்கற நைட்ரஜன்ல முக்கி, புள்ளியோட நடுவுல தொடுவேன். தொட்டதும் அந்த எடம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகும், அந்த வெள்ளை மெதுவா விளிம்பை நோக்கிப் படரும். விளிம்பைத் தொடறதுக்கு ஒரு நூல் முன்னாடியே கையை எடுத்துடணும். மொத்தம் ரெண்டு செகண்டு, அதிகபட்சம் மூணு. அப்புறம் அந்த வெள்ளை உருகி பழைய நிறம் வர எத்தனை செகண்டு ஆகுதுன்னு எண்ணுவேன், ஏன்னா குளிர் எவ்ளோ ஆழம் போச்சுன்னு அதை வச்சுத்தான் ஓரளவு தெரியும். கால் மருவுக்கு 15, 20 செகண்டு அடிக்கற அதே கையோட முகத்துக்கு வந்தா நாசம்தான்.

அந்த நாசத்தை நானே பண்ணியிருக்கேன். பிராக்டிஸ் ஆரம்பிச்ச மூணாவது வருஷம்னு நெனைக்கறேன், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், நல்ல கருப்பு, புறங்கையில ஏழெட்டு புள்ளி, பேரன் 'தாத்தா கையில அழுக்கு'ன்னு சொல்றான்னு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. புத்தகத்துல 5ல இருந்து 10 செகண்டுன்னு போட்டிருந்தது, நானும் எண்ணி 10 செகண்டு அடிச்சேன், பலமா அடிச்சாத்தானே மிச்சம் இல்லாம போகும்னு. மறுநாள் கொப்புளம், பத்து நாள்ல பொருக்கு, மூணு வாரத்துல பொருக்கு உதிர்ந்து ரோஸ் கலரு, அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் சந்தோஷம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப கையில நாலணா அளவுக்கு வெள்ளை வட்டம், ஒவ்வொண்ணையும் சுத்தி மை தீட்டின மாதிரி கருப்பு விளிம்பு. ஏன் அப்படின்னா நடுவுல குளிரு முழுசா எறங்கி நிறச்செல்லு செத்துப்போச்சு, விளிம்புல பாதி குளிருதான், அங்க செல்லு சாகல, அடிபட்ட கோபத்துல இன்னும் அதிகமா நிறத்தைக் கொட்டிடுச்சு. அந்தக் கருப்பு விளிம்பு எட்டு மாசத்துல மங்கிப் போச்சு. வெள்ளை போகவே இல்ல. முகத்துல மயிர்க்கால் அதிகம், அதுல ஒளிஞ்சிருக்கற நிறச்செல்லு மெதுவா மேல ஏறி வந்து ஓரளவு ரொப்பிடும், புறங்கையில அந்த வசதி கம்மி. அவரு கடைசி வரைக்கும் என்னைக் குறை சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

சரி, ஆராய்ச்சியில எது உறுதி? வெயில்பட்டு வர்ற தட்டையான பழுப்புப் புள்ளிக்கு, அதாவது லென்டிகோவுக்கு, லிக்விட் நைட்ரஜன் வேலை செய்யும், அதுல சந்தேகமில்ல. ஆனா அதுதான் சிறந்ததான்னா இல்ல. 2000த்துல 27 பேர் கையில மூணு விதமான லேசரையும் லிக்விட் நைட்ரஜனையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒப்பிட்டாங்க, லேசர்தான் ஜெயிச்சது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அதுக்கப்புறம் நான் பாத்த அனுபவமும் அந்தப் பக்கமேதான் சாயுது. இந்த மாதிரி ஆய்வு பெரும்பாலும் வெளுத்த தோல்காரங்க மேல பண்ணினதுங்கறதை மறந்துடக் கூடாது. தோல் நிறத்தை ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் வகை பிரிக்கற ஒரு கணக்கு இருக்கு, ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒருத்தர் 1975ல ஆரம்பிச்சது, அதுல நம்மாளுங்க பெரும்பாலும் நாலு, அஞ்சு. ஒண்ணு ரெண்டுல கெடைச்ச ரிசல்ட்டை எடுத்து அஞ்சுக்கு ஒட்ட வைக்கறது எங்க துறையோட பழைய வியாதி.

தகடு மெஷின் விஷயம் கொஞ்சம் சுவாரசியம். குழந்தைங்க ஐஸ் குச்சியை வாயில ஒரே பக்கமா அடக்கி வச்சிருந்தா கன்னத்துல கொழுப்பு கட்டி தட்டும்னு 1970ல ஒரு ரிப்போர்ட் வந்தது. தோலுக்கு ஒண்ணும் ஆகாம அடியில இருக்கற கொழுப்பு மட்டும் குளிர்ல அடிபடுதுன்னு அதுல இருந்து ஒரு நூல் பிடிச்சு, பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல ராக்ஸ் ஆண்டர்சன், டீட்டர் மேன்ஸ்டீன்னு ரெண்டு பேர் குளிரை வச்சு கொழுப்பைக் குறைக்கற முறையைக் கண்டுபிடிச்சாங்க. கூல்ஸ்கல்ப்டிங்னு சொல்றாங்களே அது, 2010ல இடுப்புக் கொழுப்புக்கு அமெரிக்க எஃப்டிஏ, அதாவது அங்க மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு, அனுமதி குடுத்தது. அது கொழுப்புக்கு, நிறத்துக்கு இல்ல, ரெண்டையும் குழப்பி விக்கறவங்க இருக்காங்க, அதனால சொல்றேன். அதே ஆளுங்க அடுத்ததா நிறத்துக்கு வந்தாங்க. லிக்விட் நைட்ரஜன் மாதிரி மைனஸ் 196ஐ அப்படியே கொட்டாம, தகட்டோட குளிரை அளந்து, மைனஸ் பத்துப் பதினஞ்சு பக்கத்துலயே நிப்பாட்டி, கொப்புளம் வராத அளவுக்கு லேசா உறைய வச்சு எடுக்கறது. பன்றித் தோல்ல பண்ணின சோதனையில அந்த எடம் வெளுத்தது. அதுல இருந்து வந்த மெஷினுக்கு அமெரிக்காவுல சாதாரண தோல் புள்ளிகளை எடுக்க அனுமதியும் இருக்கு. ஆண்டர்சன் குழு மேல எனக்கு மரியாதை உண்டு, இன்னைக்கு நாங்க அடிக்கற லேசரெல்லாம் பாதி அவரு யோசனையில பொறந்ததுதான். ஆனா நம்ம நிறத்துல, வருஷக்கணக்கா பாத்து, நிறைய பேர்ல, இது பாதுகாப்புன்னு காட்டின ஆய்வு இன்னும் வரணும். வர்ற வரைக்கும் எங்க வீட்டு ஆளுங்க முகத்துல நான் வைக்க மாட்டேன். இது என்னோட அபிப்பிராயம், வேற டாக்டர் வேற சொல்லலாம்.

அடுத்து நீங்க எழுதினதுலயே எனக்கு ரொம்ப இடிச்சது, 'ரெண்டு கன்னத்துலயும் திட்டுத் திட்டா'ங்கறது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஓரம் மேப்புல இருக்கற கடற்கரை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, மூக்குத் தண்டுலயும் மேல் உதட்டுலயும் கொஞ்சம் இருந்தா அது பெரும்பாலும் மங்கு, மெலாஸ்மான்னு சொல்வாங்க. மங்குங்கறது தனிப் புள்ளி இல்ல. அங்க நிறச்செல்லு எண்ணிக்கை பெருசா கூடல, இருக்கற செல்லு தூக்கமில்லாம வேலை செய்யுது, வெயில், ஹார்மோன், பரம்பரை எல்லாம் சேந்து அதைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கு. ஏற்கனவே எரிச்சல்ல இருக்கறவனைப் போய் குச்சியால குத்தினா என்ன ஆகும், அதுதான் மங்கு மேல உறைய வைக்கற குளிரை வச்சா ஆகும். லேசா வச்சா இன்னும் கருக்கும், பலமா வச்சா வெள்ளை வெள்ளையா சல்லடை மாதிரி ஆயிடும். வேற எடத்துல 'டோன் சமமாகும்'னு கிரையோ பண்ணிட்டு என்கிட்ட வந்த ஒரு அம்மா கன்னத்துல கருப்பு, வெள்ளை, பழுப்பு மூணும் பக்கத்துப் பக்கத்துல இருந்தது, ஜன்னல் வெளிச்சத்துல நிக்க வச்சு அஞ்சு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. மங்குக்கு உறைய வைக்கற கிரையோ வேண்டாம், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. நிறத்தை 'சமமாக்க' குளிருக்குத் தெரியாது, அது தொட்ட எடத்துல கொல்லும், தொடாத எடத்தை விடும்.

ஆனா எல்லாம் மங்காத்தான் இருக்கணும்னு இல்ல. அந்த வயசுல நம்ம ஊர் அம்மாக்கள் 'வயசுப் புள்ளி'ன்னு காட்டறதுல நான் அதிகம் பாக்கறது கன்னத்துல கடுகு கடுகா கருப்பு மேடு, பாலுண்ணி மாதிரி, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பாட்டிக்கும் இருக்கும், குடும்பச் சொத்து. இல்லன்னா மெழுகு ஒட்டி வச்ச மாதிரி சொரசொரன்னு நகத்துல நெருடற பழுப்புத் திட்டு, செபொரிக் கெரடோசிஸ்னு பேரு, ஆபத்தில்லாதது. இந்த ரெண்டாவது வகைக்கு, அதுவும் தடிப்பா முதுகுலயோ நெஞ்சுலயோ இருந்தா, கிரையோ உண்மையிலயே அருமையான வைத்தியம், நானே பண்றேன். முகத்துல கடுகு மேட்டுக்கு சன்ன ஊசி வச்சு கரண்ட்ல தொட்டு எடுக்கறதுதான் நம்ம தோலுக்கு இன்னும் அடக்கமா இருக்கும். அப்புறம் நெத்தி ஓரம், காது முன்னாடி, கழுத்துல பழுப்பா இல்லாம சாம்பல் நீலமா இருந்தா ஒரு கேள்வி கேக்கணும், அம்மா தலைக்கு டை போடறாங்களா? டையில இருக்கற கெமிக்கல் அலர்ஜியா மாறி நிறம் மேல்தோலைத் தாண்டி அடித்தோல்ல விழுந்துடும், சில பேருக்கு குங்குமம், வாசனைத் தைலத்துலயும் வரும். அடியில விழுந்த அந்த நிறத்துக்கு கிரையோ ஒரு பைசா பிரயோஜனமில்ல, டையை நிப்பாட்டறதுதான் முதல் மருந்து.

அபூர்வமா இன்னொண்ணு, இதையும் சொல்லாம விட முடியாது. புள்ளி மாதிரி தெரியறது தோல் புற்றுநோயோட ஆரம்பமா இருக்கலாம். நம்ம நிறத்துல முகத்துல மெலனோமா ரொம்பக் கம்மி, வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், நகத்துக்கடி மாதிரி எடத்துலதான். ஆனாலும் ஒரே ஒரு புள்ளி மட்டும் பெருசாகிட்டே போகுது, ஒரே புள்ளிக்குள்ள ரெண்டு மூணு நிறம் இருக்கு, ரத்தம் கசியுதுன்னா அதை யாரும் உறைய வைக்கக் கூடாது. உறைய வச்சா மேல இருக்கற நிறம் போயிடும், அடியில இருக்கறது வளரும், சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டிய எடம் தெரியாமப் போயிடும். டெர்மாஸ்கோப்னு ஒரு சின்ன லென்ஸ் லைட் இருக்கு, அதை வச்சுப் பாக்காம நேரா கேனைத் திறக்கறவங்ககிட்ட முகத்தைக் குடுக்காதீங்க.

கால்ல இருக்கற வெள்ளைப் புள்ளி பத்திக் கேட்டிருந்தீங்க, 'வெண்குஷ்டமா'ன்னு. நீங்க சொல்றபடி அரிசி அளவு, பல வருஷமா பெருசாகாம, கெண்டைக்கால்ல மட்டும்னா பெரும்பாலும் அது வயசோட வர்ற நிறக்குறைவு, நரைமுடி மாதிரி, பரவாது, ஒட்டாது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நிறத்தைக் கொல்ற அதே லிக்விட் நைட்ரஜனை இந்த வெள்ளைப் புள்ளி மேல லேசா தொட்டா நிறம் திரும்பி வருது. தாய்லாந்துல 1990 வாக்குலயே பண்ணிப் பாத்தாங்க, 2004ல சிங்கப்பூர்ல இருந்து மூணுல இருந்து அஞ்சு செகண்டு போதும்னு எழுதினாங்க. பழசு உதிர்ந்து, பக்கத்துல இருக்கற நல்ல நிறச்செல்லு நகர்ந்து வந்து எடத்தைப் பிடிக்குதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. நானும் பண்ணியிருக்கேன், பாதிப் புள்ளிக்காவது வருது. ரெண்டு செகண்டு கூடினா இருந்ததும் போகும். குளிரு கையில இருக்கற ஆளைப் பொறுத்தது, மெஷினைப் பொறுத்தது இல்லன்னு நான் சொல்றதுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்ல.

ஐஸ் கட்டியைப் பத்தியும் ஒரு வரி, ஏன்னா உங்க அம்மா ரீல்ஸ் பாத்து தினமும் தேய்க்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஐஸ் வச்சா ரத்தக்குழாய் சுருங்கும், வீக்கம் வத்தும், முகம் அரை மணி நேரம் பளிச்சுன்னு இருக்கும், அதுல தப்பில்ல. நிறச்செல்லுக்கு ஒண்ணும் ஆகாது, ஐஸ் கட்டி தோலை அந்த அளவுக்கு எறக்காது. 'உடம்புச் சூடுதான் மங்கு, குளிர்ச்சி குடுத்தா போகும்'னு ஒரு நம்பிக்கை நம்ம வீடுகள்ல உண்டு, வெள்ளரிக்கா, சந்தனம் எல்லாம் அந்தக் கணக்குதான், இதம்மா இருக்கும், போட்டுக்கட்டும். ஆனா துணி சுத்தாம ஐஸை ஒரே எடத்துல அழுத்திப் பிடிக்கறது வேண்டாம், தோலு கன்னிப் போயி அந்தக் கன்னிப்போன எடமே கருக்கும். நைட்ரஜன் ஆவி ஃபேஷியலும் ஏறக்குறைய ஐஸ் கட்டியோட பணக்கார அக்காதான். உடம்பையே குளிர் அறைக்குள்ள நிக்க வைக்கற சமாச்சாரத்துக்கு எந்த நோய்க்கும் தான் அனுமதி குடுத்ததில்லன்னு அமெரிக்க எஃப்டிஏ 2016லயே எச்சரிச்சிடுச்சு. ஆன்லைன்ல வர்ற மச்சம் எடுக்கற பேனா, மரு உறைய வைக்கற ஸ்ப்ரே இதையெல்லாம் முகத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க.

அப்ப என்னதான் பண்றது? மங்குன்னு உறுதியானா முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான், அதுவும் நிறம் கலந்தது. வெயில் மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் நம்ம தோல்ல மங்கைக் கருக்க வைக்குது, சாதா வெள்ளை கிரீம் அதைத் தடுக்காது, அயர்ன் ஆக்சைடு கலந்த, ஃபவுண்டேஷன் மாதிரி இருக்கற கிரீம் தடுக்கும். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அதோட டாக்டர் மேற்பார்வையில அசெலாயிக் ஆசிட், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மாதிரி கிரீம், சிலருக்கு டிரானெக்ஸாமிக் மாத்திரை, ரத்தக்கட்டு வந்த சரித்திரம் இருந்தா அந்த மாத்திரை கூடாது. மூணு மாசம் ஆகும், திரும்ப வரும், திரும்ப அடக்கணும், சுகர் மாதிரின்னு வச்சுக்கோங்க. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம குடுக்கற 'வெள்ளையாக்கற' கிரீம் அம்மா ஏற்கனவே போடறாங்களான்னு கண்டிப்பா பாருங்க. பாதிக்கு மேல அதுல ஸ்டீராய்டு இருக்கும், ரெண்டு வாரம் அழகா இருக்கும், ஆறு மாசத்துல தோலு வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு நரம்பு தெரியும். 2018ல இந்தியாவுல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க, கடையில போய் கேட்டுப் பாருங்க எவ்ளோ நடக்குதுன்னு. தட்டையான தனிப் புள்ளிக்கு லேசர், அதுவும் நம்ம நிறத்துல அடிச்சுப் பழகின கையா இருக்கணும், லேசருக்கும் கருப்படிக்கற குணம் உண்டு, அது ஒண்ணும் சாமியார் இல்ல.

இதையெல்லாம் தாண்டி ஏதாவது ஒரு புள்ளிக்கு கிரையோதான் சரின்னு நேர்ல பாத்த டாக்டர் சொன்னா பண்ணிக்கலாம், பயமில்ல. ஆனா முகத்துல ஆரம்பிக்க வேண்டாம், முடி மறைக்கற எடத்துலயோ முழங்கைப் பக்கமோ ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுட்டு எட்டு வாரம் பாக்கணும், வெள்ளையாவோ கருப்பாவோ போகுதான்னு. 6 சிட்டிங் பேக்கேஜ்னு முன்பணம் வாங்கறவங்களுக்கு இந்த எட்டு வாரம் பிடிக்காது. குடும்பத்துல யாருக்காவது வெண்புள்ளி இருந்தா, குளிர்ந்த தண்ணி பட்டா அம்மாவுக்குத் தடிப்பு வந்தா, குளிர்காலத்துல விரல் வெளுத்து நீலமாகிற வழக்கம் இருந்தா, அதை முதல்லயே சொல்லணும், இவங்களுக்கு குளிர் வைத்தியமே வேண்டாம். விரலோட பக்கவாட்டுல ஆழமா உறைய வச்சா நரம்பு மரத்துப் போகும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

கல்யாணம் அடுத்த மாசம்னீங்க. அதுக்குள்ள எதுவும் பண்ணாதீங்க. கிரையோ பண்ணினா முகூர்த்தத்தன்னைக்கு பொருக்கோ ரோஸ் தழும்போ இருக்கும், போட்டோல காலத்துக்கும் நிக்கும். இன்னைக்கே நிறம் கலந்த சன்ஸ்கிரீனை ஆரம்பிச்சிடுங்க, அன்னைக்கு மேக்கப் போடறவங்க மீதியைப் பாத்துப்பாங்க. கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு எல்லாம் ஓஞ்சப்புறம், பகல் வெளிச்சத்துல, மேக்கப் இல்லாம ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போகும்போது அம்மா முகத்துக்குப் போடற எல்லா கிரீம் டியூபும், தலைக்கு அடிக்கற டை பாக்கெட்டும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேரு எழுதிட்டுப் போனா போதாது, டப்பாவையே கொண்டு போங்க, பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதைத்தான் நாங்க முதல்ல படிப்போம்.